மிளகாய் அரைத்த கல்

இதைச் சொல்ல எனக்கு இப்பவும் வெக்கம். எண்பத்தைஞ்சாம் ஆண்டு, கனடாவுக்கு வந்த புதுசில, மார்க்கம் எண்ட ஊரில ஒரு தோட்டத்துக்கு ஸ்ட்ரோபெரி பிடுங்கப் போவன். அங்க ஒரு மரத்தடியில வழவழப்பான சின்ன வெள்ளைக் கல்லொன்று மண்ணுக்குள்ள அரைவாசி புதைஞ்சு கிடந்தது. அம்மிக்கு நல்லா இருக்குமெண்டு, ஒருதரையும் கேக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்திட்டன். ஒரு கிழமை அதிலதான் செத்தல் மிளகாய் அரைச்சன்.

பிறகொருநாள் கழுவேக்க பிரட்டினால், அடியில இங்கிலீஷ் எழுத்து. மகள் வாசிச்சிட்டு, "அம்மா, உது செத்துப்போன ஒரு பிள்ளையைத் தாட்ட இடத்தில வைச்ச கல். ரெண்டு வயசாம்" எண்டாள். நாங்கள் எரிக்கிற சனம். எனக்கு எப்பிடித் தெரியும்?

அடுத்தநாளே மகளையும் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டச் சொந்தக்காரியிட்டக் கல்லை நீட்டினன். அவ ஏசேல்லை.

"காடு வெட்டி இந்தத் தோட்டத்தை உண்டாக்கினது என்ர பூட்டனும் பூட்டியும். இது அவையின்ர மூத்த பிள்ளை. வந்த முதல் விண்டரையே தாண்டேல்லை. மற்றப் பிள்ளையளின்ர படமெல்லாம் இருக்கு. இவளுக்கு இந்தக் கல்லு மட்டும்தான்."

மகள் அதைத் தமிழில சொன்னாள். என்ர மூத்தவனை எண்பத்திமூண்டுக் கலவரத்தில பறிகுடுத்தனான். சாம்பல்கூடக் கைக்கு வரேல்லை.

அவ கல்லை மண்ணில வைக்கக் குனிஞ்சா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி வாங்கி, பைப்படியில இன்னொருக்கால் தேச்சுக் கழுவினன்.

பிள்ளைக்கு எரியுமல்லோ.