அரை அங்குல ஃபோம்

கான்வாஸ் பையோடு நடந்தே கொல்லிமலை ஏற வேண்டும். சுமக்க லேசான படுக்கை வேண்டும். நாமக்கல்லில் லாரி சீட்டு தைக்கும் கடையில் அரை அங்குல ஃபோம் கேட்கிறேன். கடைக்காரர் அரை மணி நேரமாக நாலு அங்குல ஃபோமையே காட்டுகிறார்.

“இதைத் தூக்கிக்கிட்டு எப்படிங்க மலை ஏறுறது?” என்கிறேன்.

“அரை அங்குலத்துல படுத்தா முதுகு தாங்காதுங்க. அப்புறம் நம்ம கடையைத்தான் குறை சொல்லுவீங்க. இருங்க, நானே படுத்துக் காட்டறேன்.”

மெல்லிய ஃபோமைச் சிமெண்டுத் தரையில் விரித்து மல்லாந்து படுக்கிறார். “பாருங்க, இங்க குத்துதுங்க. இந்தப் பக்கமும்...”

மலையடிவாரத்துக்குப் போகும் பஸ் எதிரே ஹாரன் அடிக்கிறது. ஃபோமைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டும். அதன்மேல் கடைக்காரர் குறட்டை விடுகிறார்.