இவாபுச்சியின் பூட்ஸ்

"இன்னொரு காலையும் தூக்குங்க. லாடம் அடிக்கறப்ப குதிரகூட இப்படி மொறைக்காது."

டோக்கியோவிலிருந்து வந்த பெரிய மனிதர் வாயை மூடிக்கொண்டு காலைத் தூக்குகிறார். இவாபுச்சி குனிந்து பூட்ஸின் அடியை பிரஷால் தேய்க்கிறார். சமவெளிப் புல்லின் விதை ஒன்றுகூட மேலே ஏறக் கூடாது. எங்கள் மலைவிடுதி வாசலில் கோடை முழுக்க இதுதான் அவர் வேலை. டாக்டரானாலும் புதுப்பெண்ணானாலும் அவரிடம் கால் நீட்டாமல் போக முடியாது.

விடுதிக்கு மேலே வெறும் சரளைச் சரிவு. அங்கேதான் கோமகுசா பூக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு பூ, இளஞ்சிவப்பு, குட்டிக் குதிரையின் முகம். கற்கள் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். புல் வேர்விட்டுக் கற்களைக் கட்டிப்போட்டால் போச்சு. யாரோடும் ஒட்டாமல் தனியே நிற்கும் அந்தச் செடிமேல் இவாபுச்சிக்கு ஒரு சொந்தம். அவரும் அப்படித்தான். விடுதி அடுப்படியில் நான் வைக்கும் மிசோ சூப்பில் உப்பு போதாது என்று தினமும் சொல்வார். தினமும் இரண்டு கிண்ணம் குடிப்பார்.

அவருடைய பூட்ஸை மட்டும் யாரும் தேய்த்ததில்லை. "இது மலையிலயே கெடக்கு. கீழ எறங்குனதே இல்ல. இதுல என்னத்தத் தேய்க்கறது?" என்பார்.

இந்த ஜூனில் மகள் கல்யாணத்துக்கு அவசரமாக இறங்கியவர், அதே பூட்ஸோடு போய் அதே பூட்ஸோடு திரும்பினார். வந்த கையோடு, ஆட்கள் மிதிக்காமலிருக்கச் சரிவில் கட்டிய கயிற்று வேலியில் சாய்ந்திருந்த கம்பங்களை நிமிர்த்தினார். அங்கே கால் வைக்க அவருக்கு மட்டும்தான் அனுமதி. ஜூலையில், அவர் நடந்த இடத்தில் ஊசி ஊசியாக ஒற்றை இலைகள் முளைத்திருந்தன. அவர் முகம் சுண்டிவிட்டது.

"புல்லு, கயோ. நாந்தான் கொண்டாந்திருக்கேன்."

"புடுங்கிப் போட்டாப் போச்சு. அதுக்கு ஏண்ணே இப்படி?"

"புடுங்குனா பக்கத்துல கோமகுசா வேரும் சேந்து வரும். அது ஒண்ணு பூக்க எத்தன வருசம் ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அவர் சூப்பைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு மழையும் மூடுபனியுமாகச் சரிவே கண்ணில் படவில்லை. வானம் வெளுத்த ஒரு காலையில் இருவரும் போனோம். கயிற்றுக்கு இப்பால் குப்புறப் படுத்துத் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். ஒவ்வொரு ஒற்றை இலைக்கும் பக்கத்தில் இரண்டாவது இலை வந்திருந்தது. சாம்பல் பச்சையில், கேரட் இலைபோல இழை இழையாக, பூத்த கோமகுசாவின் இலையேதான். அத்தனையும் கோமகுசாக் குஞ்சுகள். பூத்த செடியையே பார்த்துப் பழகிய மனிதர், முளையைக் குனிந்து பார்த்ததே இல்லை.

"அட கழுதைங்களா," என்றார். படுத்த இடத்திலிருந்து எழவில்லை. அப்பாடா என்று நானும் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் சூப்பில் உப்பு போதவில்லை என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிட்டதும் வாசலுக்குப் போனார். பிரஷை என் கையில் கொடுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி, வலது காலைத் தூக்கி நீட்டினார்.