மாத்திரைக்கு மேல் ஒரு டம்ளர் டீ

நர்ஸம்மா சீட்டைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "போன மாசம் ரத்தம் ஒம்பதரை இருந்திச்சே, இப்ப எட்டுக்கு வந்துட்ச்சே! இன்னாம்மா பண்ற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஏழாம் மாதம். ரத்தம் ஏற வேண்டிய நேரத்தில் இறங்கியிருக்கிறது. இப்படியே போனால் இங்கே பிரசவம் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தரணும் என்றும் சொல்லிவிட்டார். என் அக்கா தலைப்பிரசவத்தில் ரத்தம் போதாமல்தான் செத்தாள். ஆட்டோவில், என் மடியில். அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். என் பிறவிக் குணம் அது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த வராண்டாவில், "மாத்திரய முயுங்கறியா, இல்ல கொல்லையில கொட்றியா?" என்று கத்தினேன்.

"வயித்துல கீற கொயந்த மேல சத்தியமா ஒண்ணு வுடாம முயுங்கறேன்யா." அவள் கண் கலங்கிவிட்டது. நான் நம்பவில்லை. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று தூக்கிப் போடுகிற பெண்களை எனக்குத் தெரியும்.

நர்ஸம்மா என்னை முறைத்துவிட்டு அவளிடம் கேட்டார். "எப்ப போடற?"

"மத்தியானம், சோறு துன்னுட்டு."

"எதுல போடற? தண்ணியிலயா?"

"இவுரு கொண்ணாற டீயில."

நான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீ மாஸ்டர். டீயில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, உடம்புக்கு அவ்வளவு நல்லது என்று போனில் ஒரு வீடியோ பார்த்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அட, மருந்து நம்ம கையிலேயே இருக்கிறது! அதையே ஒரு அட்டையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். பால் ஊற்றினால் சத்து போய்விடும் என்று அதே வீடியோ சொன்னது. அதனால் தினமும் ஷிப்ட் முடிந்ததும் தூள் தூக்கலாகப் போட்டு, பால் விடாமல், பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு சைக்கிளை மிதிப்பேன். அவள் கீரையும் சோறும் சாப்பிட்டு முடித்ததும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். ராணி மாதிரி பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

"அடப்பாவி மனுசா!" நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"டீயில ஆன்டிஆக்ஸிடன்ட் கீதும்மா, ஒடம்புக்கு நல்லதுன்னு..."

"கீது, யாரு இல்லன்னா? அந்தத் தொவர்ப்புதான் அது. சோத்து மேல, மாத்திர மேல ஊத்தினா இரும்புச்சத்த புடிச்சி வச்சிக்கும், ஒடம்புல சேர வுடாது. ரெண்டு மணி நேரம் கயிச்சிக் குடிக்கட்டும், அதுவும் கொஞ்சமா. நெல்லிக்கா, எலுமிச்சம்பயம், கொய்யா எல்லாத்துலயும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான் கீது. அது வேற வகை, இரும்ப ஒடம்புல சேத்து வுடும். அத குடுய்யா."

கீரை வாங்கினேன், மாத்திரை வாங்கி வந்தேன், அதன் தலையில் என் கையாலேயே டீயை ஊற்றிக் கெடுத்தேன். என் அக்காவை மடியில் வைத்திருந்த அதே ஆள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாளே அட்டையைக் கழற்றினேன். மத்தியானம் எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுபோனேன். இரும்புச்சத்து ஊசியும் போட்டார்கள். ஒன்பதாம் மாதச் சீட்டில் பத்தரை என்று இருந்ததைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். பெண் குழந்தை. உத்திரமேரூரிலேயே நல்லபடியாகப் பிறந்தது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் கேட்டாள். "யோவ், சாப்ட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சி. பால் ஊத்தி ஒரு டீ போட்டுக் குடேன். அந்தக் கசாயம் மட்டும் வாணாம்."

"ஏன், புடிக்கலியா உனுக்கு?"

"வாயில வெக்க முடியாதுய்யா. கொமட்டிக்கினு வரும்."

எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப கொட்டித் தொலைக்க வேண்டியதுதான? நான் குளிக்கத்தான போவேன், எனுக்கு இன்னா தெரியும்?"

"அந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சிக்கினு எட்த்தாருவ. அத போயி எப்டிக் கொட்றது?" என்றாள், குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டே.

கொல்லையில் கொட்டுகிறாயா என்று அத்தனை பேர் முன்னால் நான் கேட்டது இவளைத்தான்.