திருப்பி அனுப்பிய பிடியரிசி

எங்கள் மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிறேன். வாத்தியார் வேலையை விட்டு வெகுகாலமாகிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மகன், இறால் கம்பெனிக்குப் போகிறவளின் மகள் என்று பலரும் வருகிறார்கள். கேஸ் அடுப்பை நான் மட்டுமே பற்ற வைப்பேன். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

"தாத்தா, ரேஷன் அரிசியையும் பிரியாணி அரிசியையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணு குழைஞ்சிரும், ஒண்ணு வேகாது" என்று போன வாரம் ஒருத்தி எச்சரித்தாள்.

"இருக்கட்டும் ஏளா, குழைஞ்சத நான் தின்னுக்கிடுதேன்" என்றேன்.

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எந்த வீட்டு அரிசியையும் நான் ஒதுக்குவதில்லை. ஒரே ஒருமுறை ஒதுக்கியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்தக் காலத்திலும் இதே இடத்தில் பிள்ளைகளின் சமையல் உண்டு. கூடம் கிடையாது, ஓலைக் கொட்டகைதான். நடத்தியவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் பகுதிப் பெண்கள் தினமும் உலையில் அரிசி போடும்போது கோவிலுக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசி என்று பெயர். வாரம் முழுக்கச் சேர்ந்ததைப் பிள்ளைகள் காய்கறியோடு கொண்டுவர, அத்தை எங்களை வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்குவார். அரிசியை வாங்கி ஓலைப்பெட்டியில் கொட்டும் பொறுப்பு என்னுடையது. அந்தப் பதவி எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. அரிசியில் கல் கிடந்தால், "உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதாலே?" என்று கேட்பேன்.

அடுத்த தெருப் பெண் ஒருத்தியும் வருவாள். என் வகுப்புதான். அவளுடைய அப்பா மீன்பிடிக்கப் போன வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. கூடப் போன இருவரின் உடல்கள் கிடைத்தன. அவர் மட்டும் கிடைக்கவில்லை. வேறு படகுக்காரர்கள் தூக்கியிருக்கலாம், இலங்கைப் பக்கம் கரையேறியிருக்கலாம் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். நாளாக ஆக அப்படிச் சொல்பவர்கள் குறைந்துபோனார்கள். அவள் அம்மா மட்டும் தினமும் அவருக்கும் சேர்த்துச் சோறாக்கினாள். இறந்தோர் பூசை வைக்கலாமா என்று கேட்கப் போன கோவில் உபதேசியாரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

"அவளுக்கா எப்பத் தோணுதோ அப்பச் செய்யட்டும், யாரும் வாயத் தொறக்காதீய" என்று அத்தை மற்றப் பெண்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

எனக்கோ வழக்கம் தெரிந்திருந்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சோறு கொண்டு கொடுப்பார்கள். பூசை முடியும்வரை அந்த வீட்டுப் பிடியரிசியும் வாங்குவதில்லை. கூடப் போன இருவர் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

அந்தச் சனிக்கிழமை அத்தை முருங்கைக்கீரை வாங்கப் போயிருந்தார். அந்தப் பெண் வரிசையில் வந்து துணிப்பையை நீட்டினாள்.

"ஒங்க வீட்டுல வாங்கக் கூடாது" என்றேன்.

"ஏம்லே? கல்லெல்லாம் பொறுக்கிட்டுத்தான் கொண்டாந்தேன்."

"கல்லுக்காக இல்ல. கேதம் நடந்த வீட்டுல வாங்கமாட்டாவ."

"எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கல. எங்கப்பா வருவாரு."

பின்னால் நின்றவன், "சீக்கிரம் வழிய விடுங்க, எங்க வீட்டுக் கத்தரிக்கா வாடுது" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவள் பையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அத்தை வந்ததும், "அவள எங்கலே காணும்?" என்று கேட்டார்.

"அவ அம்மா கூப்பிட்டாவன்னு போயிட்டா."

சோறு வெந்ததும், ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுங்கள், அவள் வீட்டுக்கு நான் கொண்டு போகிறேன் என்றேன். வழக்கத்தின் மறுபாதியையும் நானே நிறைவேற்ற நினைத்தேன். அத்தை என் தலையைத் தடவி, "நல்ல மனசுலே ஒனக்கு" என்றார்.

நான் போனபோது அந்த வீட்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். துணிப்பை அவிழ்க்காமல் அவள் மடியில் கிடந்தது.

"வாங்கக் கூடாதுன்னு யாருய்யா சொன்னா?" என்று அவள் அம்மா கேட்டாள். "ஒங்க அத்தையா?"

அத்தை என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன். நான்தான் என்று சொன்னால் அடி விழும்.

"ஊருல எல்லாரும் சொல்லுதாவ, சித்தி."

"சாமியாருமா?"

"சாமியாரும்தான்."

சாமியார் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

அவள் அம்மா உள்ளே போய் அடுப்பிலிருந்து விறகுகளை வெளியே இழுத்தாள். செம்பிலிருந்த தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றினாள். அரிசி பாதிதான் வெந்திருக்கும்.

"எம்மா, அடுப்ப ஏன் அணைச்ச? அப்பாவுக்குச் சோறு?" என்று மகள் எழுந்து ஓடினாள்.

அவள் அம்மா என்னிடம் வந்து தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். தெருவிலிருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

அடுத்த வாரம் அவருக்காகப் பூசை வைத்தார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. நான் சொல்லாவிட்டாலும் ஒருநாள் அந்தத் தாய்க்குத் தெரிந்துதானே இருக்கும் என்று பல வருடங்கள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த ஒருநாள் எது என்பதை அவள் அல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்? பாவசங்கீர்த்தனத்தில்கூட 'பொய் சொன்னேன்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். என்ன பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்கவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்ல நான் துணியுமுன் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எட்டவில்லை. ஒரு சட்டிச் சோற்றுக்கு இப்படி அழுகிறாளே, எவ்வளவு பசியாக இருந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் மாலை ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்று செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது முழங்காலிட்டு, கைகூப்பி, அந்தச் சோற்றைக் கொண்டு கொடுத்ததைத்தான் சொன்னேன்.