வண்டிச் சத்தம் கேட்கும் தூரம்

என் மொபெட்டின் சைலன்சரை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, மந்தாரக்குப்பம் மெக்கானிக் பாய் சொன்னார்: "இது சைலன்சர் இல்லண்ணே, சல்லடை." அடிப்பக்கம் முழுக்கத் துரு தின்றிருந்தது. கம்பெனி சைலன்சர் இப்போதெல்லாம் வருவதில்லையாம். வெளிச் சரக்கு பண்ருட்டியில் கிடைக்கும், வாங்கி வந்து மாட்டிவிடலாம், ஆனால் சத்தம் மட்டும் மாறும் என்றார்.

சத்தம் மாறும் என்றதும் எனக்குத் திக்கென்றது. என் மனைவியை நினைத்துத்தான்.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து குவார்ட்டர்ஸ் அடுப்படியில் நின்றபடியே அவள் என் வண்டியைக் கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் தெருவில் இதே மாதிரி மொபெட் ஆறேழு இருக்கும். ஷிஃப்ட் விட்டால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். என் வண்டி பிளாக் முனையில் திரும்பும்போது மட்டும் கதவுத் தாழ்ப்பாள் விழும். எதிர் வீட்டு அம்மா, "அது காதா, இல்ல மைன்ஸ்ல வாங்கியாந்த மிஷினா?" என்று கேலி பேசுவார். சில நாள் நான் உள்ளே நுழையும் முன்பே என் மனைவி, "வண்டிக்கு மூக்கடைச்சிகினு இருக்கு, பாருங்க" என்பாள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு கைப்பிடி கரித்தூசி கொட்டும்.

அவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்கென்று மூன்று மாதம் போனவள். பத்து மாதம் ஆகிவிட்டது. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், குழந்தை பாட்டியை விட்டு நகர்வதில்லை. அடுத்த வருடம் நான் ரிடையர் ஆகிறேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுக்க வேண்டும். "எப்படியும் நீங்களும் இங்கதான்பா வரப்போறீங்க, அம்மா நடுவுல எதுக்கு அலையணும்?" என்று மகள் கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் அந்த வீட்டில் இன்னும் மிச்சமிருக்கிற மாதங்களிலாவது அவள் என்னோடு இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எப்போது வருவாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவளும் நியாயத்தைச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் சொல்வார்: "பொண்டாட்டி ஊருக்குப் போனா மொத வாரம் ராஜா, ரெண்டாம் வாரம் சமையக்காரன், மூணாம் வாரம் செவுத்தோட பேசுறவன்." நான் நாற்பது வாரம் தாண்டிவிட்டேன். சுவர் இப்போது எனக்குப் பதிலும் சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது சைலன்சரோடு பாய் கடைக்குப் போனேன். பழையதன் நட்டு மண்ணெண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. கடைசியில் உளி வைத்து அடித்துத்தான் கழன்றது. புதியதன் கொக்கி வண்டியின் துளைக்கு அரை விரல் தள்ளி நின்றது. "பொண்ணு ஒசரம், மாப்ள குள்ளம். கட்டி வச்சா சரியாப் பூடும்" என்றபடி பாய் அரம் போட்டுத் துளையை நீட்டி, வாஷர் வைத்து இறுக்கினார்.

ஸ்டார்ட் செய்தால் வண்டி என் வண்டியாக இல்லை. படபடவென்று கத்தியது. ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்ட பிறகும் சத்தம் அடங்காமல் ஏறியபடியே நின்றது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"புது சைலன்சர் பொகையத் தாராளமா வுடுதுண்ணே. அதுக்கேத்தாப்ல காத்து கூடிப்போச்சு, பெட்ரோல் பத்தல." கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் கூடுதலாக வரட்டும் என்று உள்ளே இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு இறக்கி மாட்டினார். வண்டி மறுபடி உறுமியபோது என் போன் அடித்தது. குழந்தையைத் தூங்க வைக்கிற நேரத்தில் அவள் தினமும் கூப்பிடுவாள்.

"யாரு வண்டிங்க அது?" என்றாள்.

"நம்ம வண்டிதான்."

"என்னங்க பண்ணீங்க அத? இப்படி மூச்சு வாங்குது?"

விஷயத்தைச் சொன்னேன். "போனக் கிட்ட வைங்க. பாய் இருக்காரா? அவரைத் திருப்பச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுக் கார்புரேட்டர் பக்கத்தில் பிடித்தேன். பாய் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினார்.

"இப்ப இருமுது."

நூலளவு தளர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் வுடுங்க. ம்... போதும். போதும்ங்கிறேன்ல."

"அண்ணி, நீங்க எங்கடைக்கே வந்துடுங்க. நான் வூட்ல சமைக்கிறேன்" என்றார் பாய். அந்தப் பக்கம் அவள் சிரிப்பதைக் கேட்டேன்.

அப்படியே போனை அவரிடம் கொடுத்துவிட்டு நுழைவாயில் ஆர்ச் வரை ஓட்டித் திரும்பினேன். துணியைச் சுற்றிச் சூட்டோடு பிளக்கைக் கழற்றினோம்.

"என்ன நெறம்?" என்று கேட்டாள்.

"கரி கலர்" என்றேன்.

அவள் பக்கத்தில் இருந்த மருமகனின் குரல் குறுக்கே வந்தது. "ஐயோ மாமா, பிளக் கரி கலர்ல இருந்தா பெட்ரோல் ஓவர். தப்பு பண்ணிட்டாங்க."

"அது உங்க ஊருக் கரி மாப்ள. எங்க ஊருக் கரி கறுப்பா இருக்காது, காப்பித்தூள் மாதிரி இருக்கும். அவரு சொல்றது சரிதான், அந்த நெறந்தான் வரணும்."

எங்க ஊரு என்றாள். பத்து மாதமாக அங்கே பால் வாங்கி, பார்க்குக்குப் போய், பக்கத்து வீட்டாரோடு அரைகுறைக் கன்னடம் பேசுகிறவள் அதை யோசிக்காமல் சொன்னாள். இத்தனை நாள் நான் கேட்கப் பயந்த கேள்வி அப்போது என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. "எப்ப வருவ?"

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். புதுச் சத்தம்தான், ஆனால் நிதானமாக ஓடியது. அவள் ரொம்ப நேரம் கேட்டாள்.

"பழைய சத்தம் இல்ல. இருந்தாலும் பழகிக்கலாம்" என்றாள். "ஆனா அடுப்படியில நின்னு கேட்டாத்தான் எனக்குத் தெரியும். நான் வந்து கேக்குற வரைக்கும் அந்த ஸ்க்ரூவ யாரும் தொடக்கூடாது. பாய்கிட்ட சொல்லிடுங்க."

"அப்ப எப்பன்னு..."

"மெல்லமாப் பேசுங்க" என்று குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சத்தத்துல கொழந்த தூங்கிடுச்சு. வண்டிய அணைச்சிடாதீங்க, முழிச்சிக்கும்."

பாய் பெட்ரோல் டேங்கைக் காட்டி, தீர்ந்துவிடும் என்று சைகை செய்தார். நான் பரவாயில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, போனைச் சைலன்சர் பக்கமாக நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.