சிலிண்டருடன் வந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு வெல்டிங் கேஸ் கடையில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், ஏர் ரைபிளுக்குக் காற்று ஏற்றும் சிலிண்டரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பேசும்போதெல்லாம் அதன் வால்வைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சிலிண்டரோட டெஸ்ட் தேதி முடிஞ்சு போச்சுன்னு மதுரையில காத்து அடைக்க மாட்டேன்னுட்டாக. நாளைக்கு மகளுக்கு துப்பாக்கி சுடுற போட்டிக்கு செலக்சன் தம்பி. ஆக்சிஜனாவது அடைச்சுக் குடுங்க.”

“ஆக்சிஜன் எண்ணெப் பிசுக்குல பட்டா துப்பாக்கி வெடிச்சிரும்யா.”

“பட்டாளத்துல நான் பாக்காத வெடியா?”

“சுடப்போறது நீங்க இல்லையே, உங்க மகள்லா?”

அந்த ஆறடி மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

“காலையிலயே பையக் கட்டி வச்சிட்டா. அவகிட்ட போயி என்னன்னு சொல்லுவேன்?”

நான் மறுத்தது சரிதான். ஆனாலும் அவர் பஸ் ஏறும்வரை என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.