எரிச்சலுக்கு எழுதிய மாத்திரை

சிகாபுதீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொச்சி மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சாக்கு வியாபாரம் செய்கிற அந்த மனுஷனின் வாயைக் கல்யாணமான நாளிலிருந்து சமாளித்து வருகிறவள் ஹாஜரா. சர்க்கரையால் வலது உள்ளங்காலில் புண் வந்து, "கால் தீயா எரியுதுடீ" என்று அவர் கத்த ஆரம்பித்தபோது, அதையும் வழக்கமான கூச்சலோடு சேர்த்துவிட்டாள்.

அவளையும் சும்மா குறை சொல்லிவிட முடியாது. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மீசை முடி மாதிரி ஒரு நைலான் இழையால் அந்தப் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணும் அறியல" என்று சொன்னவர் இவரேதான். உணர்ச்சி செத்த காலில் எரிச்சல் எங்கிருந்து வரும்?

"கடைக்குப் போக மடி, சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல" என்று மகள் நிஸாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

எரிச்சலுக்கென்று டாக்டரம்மா மாத்திரை எழுதியிருந்தார். ஆனால் ஹாஜராவின் அண்ணன் மூட்டுவலிக்கு வலி மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்கி, கிட்னியைப் பறிகொடுத்துப் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பயம் அவளை விடவில்லை. சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தாள், முகம் சுளிக்காமல் கட்டு மாற்றினாள், எரிச்சல் மாத்திரையை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு, "டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள். அட, அந்த மனுஷன் ஆயுசில் எதிர்த்துப் பேசாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான்!

மாத்திரைதான் நின்றது, எரிச்சல் நிற்கவில்லை. கடைக்கு எதிரே மீன் விற்கிற ராசப்பனிடம் ஒரு வாளி ஐஸ் வாங்கினார். சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, புண்ணின் கட்டை அவிழ்த்து, காலை வாளிக்குள்ளே விட்டார். அப்பாடா, என்ன சுகம்! அப்புறம் தினமும் மத்தியானம் அதுதான். மீன் நாற்றமடிக்கிற ஐஸில், புண்ணோடு, கரைகிற வரை கால் கிடந்தது. போதும், வெளியே எடு என்று சொல்ல அந்தக் காலுக்கு உணர்ச்சி ஏது?

"கட்டு ஏன் நனைஞ்சிருக்கு?" என்று ஹாஜரா கேட்டால், "பள்ளிவாசல்ல தொழுகைக்குக் கால் கழுவி ஒளு செஞ்சேன்" என்பார். கத்தல் குறைந்தது. மாத்திரை இல்லாமலே சரியாகிவிட்டதென்று அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

விரல்கள் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஐஸ் கதையைக் கேட்டு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தொட்டா தெரியாததும் நிஜம், எரியறதும் நிஜம். நரம்பு கெட்டா ரெண்டும் சேர்ந்துதான் வரும். அதுக்குத்தானே மாத்திரை தந்தது?"

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?" என்றார் சிகாபுதீன்.

"நானா?"

ஹாஜரா அழுதுகொண்டே அண்ணன் கதையைச் சொன்னாள். "அது வேற மாத்திரை, இது வேற. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டரம்மா. சிகாபுதீன் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பிறகும் இல்லாத பாதம் வலிக்கலாம், அவர் சொன்னால் நம்புங்கள் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு மத்தியானம் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. ஹாஜரா மாத்திரையும் தண்ணீருமாக ஓடி வந்தாள்.

"எரியுதாங்க? இந்தாங்க, போட்டுக்கோங்க."

நீட்டிய மாத்திரையிலிருந்து அவர் முகத்தை விலக்கிக்கொண்டார்.

"ஏங்க, என்னை நாலு வார்த்தை திட்டவாவது செய்யுங்க!"

"அங்க வெச்சிட்டுப் போ" என்றார் மெதுவாக. "நிஸா வரட்டும். அவ கையால தரட்டும்."

நிஸாவுக்கு எர்ணாகுளத்தில், கலூரில் வேலை. பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும்.